பிள்ளையின் படிப்பு: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளையின் படிப்பைக் கவனிக்கப் பெற்றோர் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. முறையாகக் கவனித்தால் போதும்.

● நேரம்: நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிப்போருக்கு விடியற்காலையில் வேலை, வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளர்களுக்கு ஷிப்ட் மாறும். வீட்டில் இருக்கும் வேளைக்கேற்ப, தினமும் கால் மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

● நோட்டு: ஆசிரியர் திருத்திய பக்கங்களைப் பார்க்க வேண்டும். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பாடம் புரியவில்லை என்று பொருள்.

● வாசிப்பு: பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசித்து, சொந்தச் சொற்களில் சொல்லச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராலும் திணறலைக் கண்டுகொள்ள முடியும்.

● மதிப்பெண்: முப்பருவ முறையில், பருவத்தின் ஊடே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மேல்வகுப்புகளில் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களைப் பாடவாரியாக ஒப்பிடலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதால் பயனில்லை.

● ஆசிரியர்: "எந்தப் பாடத்தில் பின்தங்குகிறான்? வீட்டில் என்ன செய்யலாம்?" என்று நேரடியாகக் கேட்பது பலன் தரும். விடுப்பு நாள்களின் எண்ணிக்கையையும் விசாரிக்க வேண்டும்.

● குழு: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர், மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் குறைகளை அங்கே எழுப்பலாம்.

● உதவி: பள்ளிக் கல்வி, தேர்வு தொடர்பான ஐயங்களுக்குத் தமிழக அரசின் உதவி எண் 14417.