வீட்டு மணியை யார் அடிப்பது?



சென்ற மாத ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, காலையில எழுந்து குளிச்சு சாமி கும்பிடணும், வீட்டு வேலையில அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணணும், எல்லாம் தெரியுது. ஆனா மூணு நாளைக்கு மேல ஓட மாட்டேங்குது. எனக்கு மனவுறுதி இல்லையாண்ணே?"

நான் "முயற்சி பண்ணுடா" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசு உறுத்தியது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த மாதப் பாடம்.

என் பாட்டியிலிருந்து தொடங்குகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். இருட்டிலேயே எழுந்து, சோறு கட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் ஏன் என்றால், ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் இரவெல்லாம் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும், அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுபோகும். மரம் யாருக்காகவும் காத்திருக்காது.

நம் கூட்டங்களில் பேசுகிறவர்கள் "தோட்டத்து மக்களின் ஒழுக்கத்தைப் பாருங்கள்" என்று சொல்வார்கள். நானும் பேசியிருக்கிறேன். ஒருநாள் பாட்டியிடமே கேட்டேன், "பாட்டி, உங்களுக்கு எப்படி அப்படி ஒரு ஒழுக்கம் வந்துச்சு?" என்று. வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார்.

"ஒழுக்கமாவது ஒண்ணாவது. மணி அடிப்பான், எழுந்து போவோம். போகலைன்னா பேர் போட மாட்டான். பேர் இல்லைன்னா கூலி இல்ல."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தால், அதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஒழுங்கு பாட்டியின் மனசுக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை. மணி இருந்தது, போய் நிற்க ஓர் இடம் இருந்தது, பக்கத்து லயத்து அக்காள் "கிளம்பிட்டியாடி" என்று கூப்பிட்டார். வரவில்லை என்றால் கேட்க ஆள் இருந்தது. சுமை கூலிக்காரன் மேல், மணி துரையுடையது. அது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மணி இருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியது. மணி நின்றுவிட்டது. தாத்தா மட்டும் பழக்கத்தில் நாலரைக்கு எழுந்து வாசல் படியில் உட்கார்ந்திருப்பாராம். எங்கே போவதென்று தெரியாமல், விடியும்வரை. நான் பார்த்ததில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். அந்தக் காட்சி என்னை விட்டுப் போவதில்லை.

இப்போது சபலத்துக்கு வருவோம்.

தாத்தாவுக்குக் கள் பழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வேலை முடிந்து களைத்து வருகிறவன் கண்ணெதிரே கடை. சம்பள நாளில் கையில் காசு. சபலத்தையும் யாரோ ஒருவர் இடம் பார்த்துத்தான் வைத்தார்கள். 1946-47இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்கள் தொண்டர் படை என்று திரண்டு கள்ளுக்கு எதிராக நின்றார்கள். குடிக்கிறவனைப் பார்த்து "திருந்து" என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. கடையையே மூடச் சொன்னார்கள். திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை நாம் பத்துக் குறளும் மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். அவர்களோ அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

பாட்டிக்குப் படையெல்லாம் இல்லை. அவர் செய்தது சின்ன வேலை. சம்பள நாளன்று இடுப்பில் பிள்ளையோடு ஆபீஸ் வாசலில் போய் நின்றுகொள்வார். தாத்தா காசோடு வெளியே வந்ததும் இருவரும் நேராக மளிகைக் கடைக்கு. அரிசி, பருப்பு, பழைய பாக்கி. மிச்சம்தான் தாத்தாவுக்கு. பாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒங்க தாத்தா நல்ல மனுஷன்தான். கள்ளுக்கடை வாசல்ல மட்டும்தான் கெட்டவரு. அதான் அந்த வாசலுக்கு முன்னால காசை காலி பண்ணிடுவேன்."

அறுபதுகளில் இதே யோசனைதான் பெரிய அளவில் நடந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மொத்தமாக யாரிடம் இருந்தது? மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். நாள் கூலி சில வெள்ளிதான் இருந்த காலம் அது. அப்படிச் சேர்ந்த காசில் சங்கம் முதலில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது, பிறகு மேலும் பல தோட்டங்களை. அந்தப் பத்து வெள்ளி கையில் தங்கியிருந்தால் எங்கே போயிருக்கும் என்று பாட்டிக்குத் தெரியும். அவரும் ஒரு பங்கு எடுத்தார். பத்து மாதம்.

இனி என் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா தவறிய பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு இனிப்பு நீர். இது நம் நாட்டில் அபூர்வ நோயில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இருந்தது. நம் இனத்தவரிடம் அதைவிட அதிகம். அம்மாவுக்குக் கண் பார்வையும் மங்கல். மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. நானோ ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிவரை கைத்தொலைபேசியில். ஒரு வீடியோ, இன்னும் ஒரு வீடியோ. கள் மாதிரி நாற்றம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. காலையில் எழ முடியாது. "அம்மா அவங்களே போட்டுக்குவாங்க" என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் அம்மா பசியாறாமல் மாத்திரை போட்டிருக்கிறார். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் போட்டிருக்கிறார். சர்க்கரை இறங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, குசினியில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சத்தம் கேட்டு ஓடிவந்து, அம்மாவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். நான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

அன்று மாலை கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போனேன். இனிமேல் ராத்திரி போனைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். ஆனால் இதே சத்தியத்தை இதே சந்நிதியில் ஏற்கெனவே மூன்று தடவை செய்திருந்தேன். ஒன்றுகூட ஒரு வாரம் தாண்டவில்லை. முருகனிடம் நாலாவது தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை. பாட்டி ஆபீஸ் வாசலில் நின்றதுதான் ஞாபகம் வந்தது. பாட்டி தாத்தாவிடம் சத்தியம் வாங்கவில்லையே.

அன்றிரவு போனைக் குசினியில், அரிசி டின் மேல் சார்ஜில் போட்டேன். அலாரமும் அதில்தான். 5.45க்கு அது கத்தும்போது எழுந்து நடந்துதான் நிறுத்த வேண்டும். நடந்து வந்தவன் அப்படியே அடுப்பைப் பற்றவைக்கலாம். விளக்கேற்றுவது, அம்மாவுக்குச் சர்க்கரை அளவு பார்ப்பது, அம்மா பசியாறுவது, மாத்திரை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டியை ஞாயிறு சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து நிரப்புகிறோம். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று என்று அர்த்தம், அம்மா விரலால் தடவியே தெரிந்துகொள்வார்.

முறுக்கு மட்டும் பெரிய போராட்டம். புந்தோங்கில் குடியிருந்துகொண்டு கச்சாங் பூத்தே வேண்டாம் என்பது லேசான காரியமா? எட்டயபுரத்துக்காரர்கள் கொண்டுவந்த தொழில், தெருவெல்லாம் வாசனை. அம்மாவைத் தடுப்பதை விட்டுவிட்டேன். வீட்டில் டின் வைப்பதில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை இருவரும் நடந்தே போய்ச் சின்னப் பொட்டலம் ஒன்று வாங்கி, பாதியை அங்கேயே தின்றுவிட்டு வருவோம்.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். போன தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், போன் மறுபடியும் தலையணைக்கு அடியில் வந்தது, ஆறு நாள் எல்லாம் குலைந்தது. ஏழாம் நாள் காலை நான் போர்வைக்குள் இருக்கும்போது கணகணவென்று பூஜை மணிச் சத்தம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் கட்டில் பக்கத்தில் நின்று அடிக்கிறார்.

"எழுந்திருடா. பெரட்டுக்கு நேரமாச்சு."

அந்தத் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் ஒரே ஒரு வீட்டுப் பாடம். மனவுறுதி பற்றிக் கட்டுரை எல்லாம் வேண்டாம். ராத்திரி உங்கள் போன் வீட்டில் எங்கே படுக்கிறது, காலையில் நீங்கள் எழவில்லை என்றால் யாருக்குத் தெரியும், இந்த இரண்டை மட்டும் எழுதி அடுத்த ஞாயிறு எடுத்து வாருங்கள்.