குழந்தையின் படுக்கை

வீட்டில் குழந்தை பிறந்தவுடன் அதற்கு எத்தகைய படுக்கை அமைப்பது என்னும் கேள்வி எழுகின்றது. பாட்டியார் தமது பழைய நூற்சேலையைத் துவைத்து மடித்து வைக்கின்றார். தாய்மாமன் சீராகத் தொட்டில் கொண்டுவருகின்றார். கையில் பொருள் உள்ளவர் கடைவீதிக்குச் சென்று பஞ்சு மெத்தையும், சிறு தலையணையும், பூப்போட்ட போர்வையும் வாங்கி வருகின்றார். இவை யாவும் அன்பினால் செய்யப்படுபவை. ஆயினும் இவற்றுள் குழந்தைக்கு நன்மை தருவது எது, தீமை தருவது எது என்று அறிந்து செய்பவர் சிலரே.

பிறந்த குழந்தை ஒரு நாளின் பெரும் பகுதியை உறக்கத்திலேயே கழிக்கின்றது. நாற்றங்காலைச் சமன் செய்யாமல் விதை தெளிக்க எந்த உழவரும் ஒருப்படமாட்டார். குழந்தை கிடக்கும் இடத்தைப் பற்றியும் அத்தகைய கவனம் வேண்டும். உடல்நலத்தோடிருந்த குழந்தை உறக்கத்திலேயே மூச்சு நின்று இறந்துபோகும் நிகழ்ச்சி எல்லா நாடுகளிலும் உண்டு. இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரையில் இவ்வாபத்து மிகுதி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கும் இது இன்னும் அதிகம். இத்தகைய மரணங்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட இயலாது. ஆனால் படுக்கையைச் சரியாக அமைப்பதன் மூலம் அவற்றுள் பலவற்றைத் தடுக்கலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை.

மென்மை ஏன் ஆகாது?

குழந்தையின் படுக்கை மிருதுவாக இருக்கவேண்டும் என்று நாம் எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் தவறு. குழந்தையின் படுக்கை சமமாகவும், அழுத்தமாகவும், வெறுமையாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்று சொற்களையும் நினைவில் இருத்திக்கொண்டால் போதுமானது.

காரணம் எளிது. கைக்குழந்தையின் உடலை நோக்கத் தலை பெரியது, கழுத்தோ வலுவற்றது. இலவம்பஞ்சு மெத்தையில் கிடத்தினால் தலை அழுந்தி, அங்கே ஒரு குழி உண்டாகின்றது. குழந்தை முகத்தைத் திருப்பும்போது மூக்கும் வாயும் அக்குழியில் புதைகின்றன. தான் வெளிவிட்ட கரியமில வாயுவையே அது மீண்டும் மீண்டும் சுவாசிக்கின்றது, பிராணவாயு குறைந்துபோகின்றது. பெரியவர்கள் இந்நிலையில் திணறி எழுந்துவிடுவார்கள். பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்குத் தலையைத் தூக்கவும் வலிமையில்லை. பல வேளைகளில் அது அழுவதுகூட இல்லை.

தலையணையும் அவ்வாறே. தலை உருண்டையாக அமையவேண்டும் என்று துணியைச் சும்மாடுபோல் சுருட்டித் தலைக்கு அடியில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதனால் குழந்தையின் மோவாய் மார்பை நோக்கி வளைந்து மூச்சுக்குழல் மடங்குகின்றது. ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தலையணை வேண்டியதே இல்லை. தலை ஒரு பக்கம் தட்டையாகிவிடும் என்று அஞ்சுவோர், குழந்தை விழித்திருக்கும்போது சிறிது நேரம் அதைக் குப்புறக் கிடத்தி, அருகிலேயே அமர்ந்து கவனித்து வரலாம். கழுத்தும் தோளும் வலுப்பெற இது துணைசெய்யும்.

மல்லாந்து உறங்குதலே நன்று

குழந்தையை எப்போதும் மல்லாக்கக் கிடத்தியே உறங்கவைத்தல் வேண்டும். குப்புறவும் ஆகாது, ஒருக்களித்தும் ஆகாது. ஒருக்களித்துப் படுத்த குழந்தை எளிதில் குப்புறப் புரண்டுவிடும்.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் வழக்கம் சரியானதே. ஆனால் மேல்நாடுகளில் பல பத்தாண்டுகள் வரை குப்புறக் கிடத்துமாறு மருத்துவர்களே கூறிவந்தனர். அம்முறையில் ஆபத்து மிகுதி என்பது ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. 1991-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் குழந்தைகளை மல்லாக்கக் கிடத்துமாறு பெரும் பிரசாரம் நடைபெற்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992-இல் தன் பரிந்துரையை மாற்றியது. அந்நாட்டில் 1994-இல் பிரசாரம் தொடங்கிற்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் அங்கே இத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்து எதனாலும் நேர்ந்த பயன் அன்று இது. படுக்கும் நிலையை மாற்றியதால் கிடைத்த பயனே ஆகும்.

"மல்லாந்து கிடக்கும் குழந்தை பாலைக் கக்கினால் அது மூச்சில் ஏறிவிடாதா?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலாகவும் உணவுக்குழல் கீழாகவும் அமைகின்றன. மேலே வந்த பால் மூச்சுக்குழலினுள் புகவேண்டுமாயின் மேல்நோக்கி ஏறவேண்டும். குப்புறக் கிடந்தாலோ நிலைமை தலைகீழாகின்றது. ஆகவே இவ்வச்சத்திற்கு இடமில்லை. பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்து, பிறகு மல்லாக்கக் கிடத்துவதே முறை. குழந்தை வளர்ந்து, இருபுறமும் தானாகவே புரளத் தொடங்கியபின், உறக்கத்தில் அது புரண்டு படுத்தால் திருப்பிப் போடவேண்டிய அவசியமில்லை.

தரைப் படுக்கை

நம் கிராம வீடுகளுக்குத் தரையில் அமைக்கும் படுக்கையே பெரிதும் ஏற்றது. அதனை அமைக்கும் முறை வருமாறு:

1. பெருக்கித் துடைத்து உலர்ந்த, சமமான தரையில் கெட்டியான கோரைப்பாயை விரிக்கவும். தரையில் ஈரம் ஏறுமாயின் இரண்டு பாய்களை விரிக்கலாம்.

2. அதன்மேல் துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய நூற்சேலையை நான்காக மடித்து, சுருக்கமின்றி இழுத்து விரித்து, ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிடவும்.

3. ஈரம் படாதிருக்க ரப்பர் விரிப்பு இடுவதானால், அதனைத் துணிக்கு அடியில் இட்டு ஓரங்களை நன்கு செருகவும். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒருபோதும் கூடாது. அது முகத்தில் ஒட்டிக்கொண்டால் எடுத்துவிடக் குழந்தைக்குத் தெரியாது.

4. கொசுவலையைக் குழந்தையின் முகத்தில் படாதவாறு விரைப்பாகக் கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் அடியில் சுற்றிலும் செருகவும். கொசு மட்டுமன்றி எறும்பும் தேளும் அணுகாமல் இருக்கவும் இது உதவும். இரவு படுக்குமுன் பாயைத் தூக்கி உதறி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

மெத்தை வாங்குவோர் தென்னைநார் கொண்டு செய்த கெட்டியான மெத்தையைத் தேர்ந்தெடுக்கலாம். உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தவுடன் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். கையின் தடம் குழியாக நிற்குமாயின் அம்மெத்தை குழந்தைக்கு ஆகாது. கயிற்றுக் கட்டிலும் ஆகாது. கயிறு தளர்ந்து நடுவில் தொய்யும்போது குழந்தை அப்பள்ளத்தில் சரிந்து முகம் புதைய நேரிடும்.

தாயும் சேயும் ஒரே அறையில் உறங்குதல் மிக நல்லது. முதல் ஆறு மாதங்களுக்கேனும் இது வேண்டும். ஆனால் குழந்தைக்குத் தனிப் பாய் தாயின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதே பாதுகாப்பு. மது அருந்தியவரோ, புகைபிடிப்பவரோ, உறக்கம் வரும் மருந்து உண்டவரோ குழந்தையின் பக்கத்தில் படுத்தல் கண்டிப்பாகக் கூடாது. புகையிலைப் புகையே குழந்தையின் மூச்சுக்குப் பெரும் பகை. அடுப்புப் புகை சூழும் இடத்திலும் குழந்தையைக் கிடத்தலாகாது.

தூளியைப் பற்றி

தூளி இல்லாத கிராமம் இல்லை. தாலாட்டும் தூளியும் நம் வாழ்க்கையோடு ஒன்றியவை. இருப்பினும் உண்மையைச் சொல்லுதல் நம் கடமை. சேலைத் தூளியில் கிடக்கும் குழந்தையின் முதுகு வில்போல் வளைகின்றது. மோவாய் மார்பில் படிகின்றது. இருபுறத் துணியும் முகத்தை மூடுகின்றது. கண்பார்வையில் அழுகையை அமர்த்துவதற்குத் தூளியைப் பயன்படுத்தலாம்; இரவு முழுதும் உறங்குவதற்கு அது தக்க படுக்கை அன்று. குழந்தை உறங்கியவுடன் எடுத்துப் பாயில் கிடத்திவிடுதல் வேண்டும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளையும், குறைமாதக் குழந்தைகளையும், சளியால் மூச்சுத் திணறும் குழந்தைகளையும் தூளியில் இடாதிருப்பதே உத்தமம்.

தூளி கட்டுவோர் உத்தரத்தின் வலிமையையும் கயிற்றின் தேய்வையும் ஒவ்வொரு நாளும் சோதிக்கவேண்டும். துணியை விரித்து நிறுத்தும் குறுக்குக் கம்பு அவசியம் வேண்டும். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு முழத்திற்கு மேல் உயரலாகாது. அடியில் அம்மி, குழவி, அரிவாள்மணை போன்றவை இருத்தலாகாது. குழந்தை எழுந்து உட்காரத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். மூத்த பிள்ளைகள் வெறுந்தூளியில் சுழன்று விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கி உயிர்போன துயரச் செய்திகளை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆகவே குழந்தை இல்லாத வேளையில் தூளியைச் சுருட்டி எட்டாத உயரத்தில் முடிந்துவிடுதல் வேண்டும்.

மரத் தொட்டில்

ஊர்த் தச்சரைக் கொண்டே நல்ல தொட்டில் செய்துகொள்ளலாம். அளவுகளைக் கூறிச் செய்யச்சொல்ல வேண்டும். கம்பிகளுக்கு இடையேயுள்ள சந்து 6 சென்டிமீட்டருக்கு மிகலாகாது. மிகுந்தால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். பக்கச் சட்டத்தின் உயரம் படுக்கைத் தளத்திலிருந்து 60 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. மெத்தைக்கும் சட்டத்திற்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடமும் இருத்தலாகாது. படுக்கைத் தளம் சாய்வின்றிச் சமமாக இருக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலின் பக்கங்களில் கட்டும் பஞ்சுத் திண்டுகளையும் விற்பதற்குத் தடை விதித்தது.

வண்ணம் பூசுவதிலும் கவனம் வேண்டும். பல் முளைக்கும் குழந்தை சட்டத்தைக் கடிக்கும். ஈயம் கலந்த வண்ணம் மூளையைக் கெடுக்கும் நஞ்சாகும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்று இந்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. பழைய தொட்டிலில் உரியும் வண்ணம் இருப்பின் அதில் குழந்தையை இடாதிருப்பதே நன்று. புதிய தொட்டிலை வண்ணம் பூசாமல் இழைத்து வழவழப்பாக்கி விடுவதே சிறந்தது.

படுக்கையில் வேண்டாதவை

தலையணை, திண்டு, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை, தளர்ந்த துணி ஆகியவை குழந்தை உறங்கும் இடத்தில் இருத்தலாகாது. கழுத்தில் கட்டிய கயிறு, தாயத்து, மணிமாலை முதலியவற்றை உறங்குமுன் கழற்றிவிட வேண்டும். ஊக்குகளையும் அகற்றவேண்டும்.

நம் நாட்டு வெயிலில் குழந்தையைத் துணியால் சுற்றி, தலைக்குக் குல்லாயிட்டு, கதவையும் அடைத்துவைப்பது கொடுமை. அதிக வெப்பமும் குழந்தையின் மூச்சுக்கு ஆபத்து விளைவிக்கும். பிடரியிலும் மார்பிலும் கைவைத்துப் பார்க்கவும். வியர்வை இருந்தால் துணியைக் குறைக்கவும். மார்கழிக் குளிரில் போர்வைக்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு சட்டை அணிவித்தல் போதும். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வேண்டிய வெப்பம் பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரின் ஆலோசனையைக் கேட்டல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

பின்லாந்து தேசத்தில் 1938-ஆம் ஆண்டு முதல் ஏழைத் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி வழங்கப்பட்டது. 1949 முதல் எல்லாத் தாய்மார்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. குழந்தைக்கான உடைகளோடு ஒரு சிறு மெத்தையும் கொண்ட அட்டைப் பெட்டி அது. பல குழந்தைகளுக்கு அப்பெட்டியே முதற் படுக்கையாயிற்று. நம் மாநிலத்திலும் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் வழங்கும் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. அதில் குழந்தைக்கான படுக்கையும் வலையும் இடம்பெற்றன. நல்ல படுக்கை ஏழை வீட்டிற்கும் எட்டவேண்டும் என்பதே இவற்றின் கருத்து.

களையெடுக்கவும் நடவு நடவும் செல்லும் தாய் குழந்தையை எங்கே விடுவாள்? வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு வேலைக்கு இறங்குகின்றாள். பார்ப்பார் யாருமில்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே, வேலைத்தலத்தில் சிறு குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்தவேண்டும் என்று வகுக்கப்பட்டது. அக்கருத்தைப் பண்ணைகளிலும் பின்பற்றலாம். நடவுக் காலத்தில் நிழலான ஓரிடத்தைச் சமன் செய்து, பாயும் வலையும் குடிநீரும் வைத்து, அனுபவமுள்ள ஒரு மூதாட்டியைக் காவலாக அமர்த்துவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

மேலும், பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் பகுதியில் குழந்தை பிறந்த வீட்டிற்குச் செவிலியருடன் ஒருமுறை சென்று, படுக்கையைப் பார்வையிடலாம். கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துரைக்கலாம். தச்சர்களுக்குத் தொட்டிலின் அளவுகளை எழுதிக் கொடுக்கலாம். பாட்டிமார்களின் சொல்லுக்குக் கிராமத்தில் மதிப்பு உண்டாகையால், முதலில் அவர்களுக்கே இவற்றைப் பணிவோடு விளக்குதல் வேண்டும். மல்லாக்கக் கிடத்தும் அவர்களுடைய வழக்கத்தைப் பாராட்டி, தலையணையை மட்டும் அகற்றுமாறு வேண்டினால், அவர்கள் இசையாதிருக்கமாட்டார்கள்.

சமமான பாய், இழுத்து விரித்த சுத்தமான துணி, மேலே ஒரு வலை, கையெட்டும் தூரத்தில் தாய்: குழந்தைக்கு வேண்டிய படுக்கை இவ்வளவே. இதனை நம் ஊரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்கச் செய்வது நம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.