வலி வாராத் தலைவலி

‘மயக்கமாக இருக்கிறது’ என்று நாம் கூறும் தொடர் ஒன்று. அது சுட்டும் நிலைகளோ பல. அறை முழுதும் சுழல்வதாகத் தோன்றுவதும் மயக்கம். கண் இருண்டு விழப்போவதும் மயக்கம். படகில் நிற்பவர்போல் கால் நிலைகொள்ளாதிருப்பதும், நினைவிழந்து வீழ்வதும் மயக்கமே. இப்பொருள்வளம் இலக்கியத்தில் நயம் பயக்கும். மருத்துவர் முன்னிலையிலோ இடர் விளைக்கும். அவ்விடருக்குப் பெரிதும் ஆட்படும் நோய் ஒன்றனைப் பற்றியே ஈண்டுப் பேசப் புகுகின்றோம். ‘வெஸ்டிபுலர் மைக்ரேன்’ என்பது அதன் பெயர். உடற்சமநிலையைத் தாக்கும் ஒற்றைத் தலைவலி என அதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

பெயர்களே இந்நோயை நெடுங்காலம் மறைத்து வந்துள்ளன. பாதித் தலையில் வலிப்பது கருதிக் கிரேக்க மருத்துவர் காலென் ‘ஹெமிக்ரேனியா’ என்ற சொல்லை ஆண்டார். அதுவே தேய்ந்து ‘மைக்ரேன்’ ஆயிற்று. அரபு மொழியில் இதற்கு ‘ஷகீகா’ என்று பெயர். பிளத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் ஷகீகாவும், தலைச்சுற்றலைக் குறிக்கும் ‘துவார்’ என்பதும் தனித்தனியே பேசப்படுகின்றன. தமிழரும் ‘ஒற்றைத் தலைவலி’ என்றே வழங்கினர். மூன்று மொழிகளும் வலியைக் கண்டு பெயரிட்டன. ஆதலின் வலி இல்லாவிடத்து இந்நோயும் இல்லையென்றே எண்ணப் பழகினோம்.

இவ்வகைத் தலைவலிக்கும் தலைச்சுற்றலுக்கும் உள்ள உறவை எட்வர்ட் லிவிங் என்னும் ஆங்கில மருத்துவர் 1873ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எடுத்துரைத்தார். எனினும் நோயை அறுதியிடும் நெறிமுறைகள் உலகளவில் வகுக்கப்பட்டது 2012ஆம் ஆண்டிலேதான். பாராணி கழகமும் பன்னாட்டுத் தலைவலிக் கழகமும் இணைந்து அதனைச் செய்தன. உட்செவியின் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாராணியின் பெயரால் அமைந்த கழகம் அது.

அந்நெறிமுறை கூறுவது யாது? மிதமான அல்லது கடுமையான தலைச்சுற்றல் ஐந்து முறையேனும் வந்திருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடித்திருத்தல் வேண்டும். ஒற்றைத் தலைவலி இப்போதோ முன்னரோ இருந்திருத்தல் வேண்டும். தலைச்சுற்றல் வந்த வேளைகளுள் பாதியிலேனும் ஒற்றைத் தலைவலிக்குரிய தலைவலி, அல்லது ஒளியும் ஒலியும் பொறுக்கவியலாமை, அல்லது கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று உடனிருத்தல் வேண்டும். வேறு நோயெதுவும் இக்குறிகளுக்குக் காரணமாதல் கூடாது. தமிழ் பயிலும் மாணவர் இங்கு ‘அல்லது’ என்னும் இடைச்சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ஒற்றைத் தலைவலியின் ஒரு வகையாகிய இந்நோயில், ஒவ்வொரு முறையும் தலை வலித்தே ஆகவேண்டும் என்ற விதி இல்லை!

இனி, ஆளுக்கு ஆள் இது வேறுபடும் விதம் வியப்புக்குரியது. ஒருவருக்கு உலகம் சுழலும்; மற்றொருவருக்கு உலகம் நிற்க, தாமே சுழல்வதுபோல் இருக்கும். படுக்கையில் புரண்டால் மட்டும் சுற்றுவோர் உளர். ஓடும் ஊர்திகளையோ, கணிப்பொறித் திரையில் விரைந்து நகரும் எழுத்துகளையோ கண்டதும் குமட்டல் கொள்வோர் உளர். கால அளவும் அவ்வாறே: ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதின்மருக்குச் சில நிமிடங்கள், முப்பதின்மருக்குச் சில மணி நேரம், முப்பதின்மருக்குச் சில நாள்கள், எஞ்சிய பதின்மருக்கு நொடிப்பொழுதே நிகழ்ந்து மீண்டும் மீண்டும் வரும். தலைவலியோ சுற்றலுக்கு முன்னும் வரலாம், உடனும் வரலாம், பின்னும் வரலாம், வாராமலும் போகலாம். ஒருவருக்கே சென்ற மாதம் ஒருவாறும் இம்மாதம் வேறொருவாறும் அமைவதுண்டு.

வயதும் இதன் உருவை மாற்றுகிறது. இளமையில் தலைவலியால் துன்புற்றவர், அது நின்று பல்லாண்டுகள் கழிந்தபின் தலைச்சுற்றலுடன் வருகிறார். மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்டிரிடம் இதனை மிகுதியாகக் காணலாம். பழைய தலைவலியை அவர்களும் குறிப்பிடுவதில்லை, கேட்பாரும் அரியர். பித்தம் என்றும், இரத்த அழுத்தம் என்றும், கழுத்தெலும்புத் தேய்வு என்றும் ஆளுக்கொரு பெயர் சூட்டி விடுகிறோம்.

இந்நோயைக் காட்டித் தரும் இரத்தச் சோதனையோ படச் சோதனையோ இல்லை. சோதனைகள் யாவும் நலமென வருதலால், நோயாளர் நடிக்கிறார் என்று வீட்டார் ஐயுறுகின்றனர். கரும்பலகையினின்றும் முகம் திருப்பி மேசையில் தலை சாய்க்கும் மாணவியைச் சோம்பேறி என்று நம்மவருள் எத்தனை பேர் கடிந்திருப்போம்! ஜெர்மனியில் நிகழ்ந்த மக்கள்தொகை ஆய்வொன்று, நூற்றுவருள் ஏறத்தாழ ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆட்படுவதாகக் கண்டது. அங்ஙனமாயின், நம் கல்லூரி அளவில் அது சிறு தொகையன்று.

சோதனை இல்லாவிடத்து நோயாளரின் சொல்லே சான்று. ‘மயக்கம்’ என்று சுருக்காமல், சுழன்றதா, தள்ளாடியதா, கண் இருண்டதா, எவ்வளவு நேரம், வெளிச்சம் கூசியதா, முந்தைய இரவு உறக்கம் கெட்டதா, உணவு தவறியதா என்று நாளும் குறித்து வருதல் மருத்துவருக்குப் பேருதவியாகும். முதிய தாய்மார் ‘கிறுகிறு என்று வருகிறது’ என்பது படித்தவர் கூறும் ‘மயக்க’த்தினும் தெளிவானது. காதில் இரைச்சலோ அடைப்போ உண்டா என்பதும் சொல்லப்பட வேண்டும். இந்நோயில் அவை தோன்றினும் செவிப்புலன் பெரிதும் கெடுவதில்லை. மெனியர் நோயிலோ நாளடைவில் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வரும்.

உறக்கமும் உணவும் காலம் தவறாதிருத்தல் பலர்க்குத் துணைசெய்கிறது. அடிக்கடி வருமாயின் தடுப்பு மருந்துகளும் உண்டு. அவற்றைத் தேர்தல் மருத்துவர் பொறுப்பு. தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் உண்போரை நாம் அறிவோம். சமநிலையை மீட்க மூளை தானே கற்கும் முயற்சியை அவை தடுத்துவிடும். திடீரெனச் சுற்றலுடன் பேச்சுக் குழறினாலோ, பொருள்கள் இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, எழுந்து நிற்கவே இயலாவிடினோ அது மூளைக் குருதிக்குழாய் அடைப்பாக இருத்தல் கூடும். அப்போது குறிப்பேட்டைத் தேடாது உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.