கைடு எழுதியவருக்கு மெயில் போடுமுன்

கேம் டெஸ்டிங்கோ கேம் ஜர்னலிசமோ உங்கள் இலக்கு என்றால், வாக்த்ரூ (கேமை முடிக்க வழிகாட்டும் கைடு) எழுதியவருக்கு நீங்கள் அனுப்பும் மெயிலும் ஒரு வொர்க் சாம்பிள்தான். 1995-இல் ஜெஃப் வீஸி தொடங்கிய கேம்ஃபேக்ஸ் தளத்தில் ஆயிரக்கணக்கான கைடுகளை ரசிகர்கள் சம்பளமில்லாமல் எழுதினார்கள். அங்கே எழுதிய டான் பர்லூ, பிறகு பிராடிகேம்ஸ் நிறுவனத்துக்கு அச்சுப் புத்தகங்கள் எழுதும் ப்ரொஃபஷனல் ஆனார். இன்று நீங்கள் சந்தேகம் கேட்கும் ஆள் நாளைக்கு ஒரு எடிட்டரிடம் உங்கள் பெயரைச் சொல்லக்கூடியவர். அந்த நினைப்போடு எழுதுங்கள்.

1. முதலில் கைடைப் படியுங்கள். கன்ட்ரோல் எஃப் போட்டு பாஸ் பெயரை, சாவியின் பெயரைத் தேடுங்கள். நீங்கள் சேவ் செய்து வைத்திருப்பது பழைய காப்பியாக இருக்கலாம். வெர்ஷன் நம்பரைப் பாருங்கள். கான்டாக்ட் பகுதியில் எழுதியவரே விதிகள் போட்டிருப்பார்: சப்ஜெக்டில் கேமின் பெயர் வேண்டும், அட்டாச்மென்ட் கூடாது, ரோம் ஃபைல் (கேமின் காப்பி) கேட்காதே. அவற்றை மீறிய மெயில் திறக்காமலே டெலீட் ஆகும்.

2. எந்தப் பதிப்பு ஆடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். ஃபைனல் ஃபேன்டஸி 7 ஜப்பானில் 1997 ஜனவரியில் வந்தபோது அதில் எமரால்ட் வெப்பன், ரூபி வெப்பன் என்ற பாஸ்கள் இரண்டும் கிடையாது. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த பதிப்பில்தான் சேர்த்தார்கள். ரெசிடென்ட் ஈவில் டைரக்டர்ஸ் கட்டில் அரேஞ்ச் மோட் எடுத்தால் பொருள்கள் இடம் மாறியிருக்கும். இது தெரியாமல் "கைடு தப்பு" என்று எழுதினால், அடுத்த மெயிலையும் யாரும் நம்பமாட்டார்கள். பிளாட்ஃபார்ம், ரீஜன், பேட்ச் நம்பர் (இருந்தால்), டிஃபிகல்ட்டி ஆகிய நான்கையும் முதல் வரியிலேயே போடுங்கள்.

3. கேள்வியை பக் ரிப்போர்ட் மாதிரி எழுதுங்கள். "சார், மாட்டிக்கிட்டேன், ஹெல்ப் பண்ணுங்க" என்றால் அவர் என்ன செய்ய முடியும்? இப்படிப் போடுங்கள்: "ரெசிடென்ட் ஈவில் டைரக்டர்ஸ் கட், பிளேஸ்டேஷன், அமெரிக்கப் பதிப்பு, அரேஞ்ச் மோட், ஜில் கேரக்டர். உங்கள் கைடு வெர்ஷன் 1.3 சொல்லும் அறையில் சாவி இல்லை. பக்கத்து அறைகளையும் பார்த்துவிட்டேன். பழைய சேவ் ஃபைலை லோட் செய்தும் அதே நிலை." எங்கே, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, என்னென்ன முயன்றீர்கள் எல்லாம் வந்துவிட்டது. டெஸ்டிங் டீமில் லீட் தேடுவதும் இந்தத் தெளிவைத்தான். ஒரு மெயிலுக்கு ஒரு கேள்வி போதும்.

4. கேட்பவர்கள் ஏராளம், திருத்தம் கொடுப்பவர்கள் குறைவு. போட்டியில் முந்தக் கொடுப்பதே வழி. கைடில் பிழை கண்டால் பகுதியின் பெயரோடு சுட்டுங்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். கிரெடிட்ஸில் எந்தப் பெயர் வரவேண்டும் என்பதைக் கூச்சப்படாமல் குறிப்பிடுங்கள். ரெஸ்யூமேயில் காட்டத் தகுந்த வரி அது. ஆனால் இன்னொருவர் கண்டுபிடித்ததை உங்களுடையதாக அனுப்பாதீர்கள். ஒரே கேமுக்கு எழுதுபவர்கள் ஒருவர் கைடை ஒருவர் படிப்பவர்கள், சீக்கிரம் மாட்டிக்கொள்வீர்கள்.

5. பதில் வரவில்லையா? இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அவருடைய சொந்த நம்பரைத் தேடிப் பிடிப்பது அத்துமீறல்.

6. கைடைத் தமிழாக்கவோ, யூடியூப் ஸ்கிரிப்டாக மாற்றவோ ஆசையா? எழுத்தின் உரிமை எழுதியவருக்கு. எங்கே வரும், விளம்பர வருமானம் உண்டா, அவர் பெயர் எப்படி வரும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்மதித்தால் அந்த மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் லிங்கை முதலில் அவருக்கே அனுப்புங்கள்.