கடைக் கம்ப்யூட்டருக்குப் புதிய பிராஸஸர்: பெயரைப் பார்த்து ஏமாறாமல் வாங்குவது எப்படி?



போளூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் சங்கத்திற்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். "பில் போடும் கம்ப்யூட்டர் பழசாகி விட்டதாம். புதுப் பிராஸஸர் போட்டதாக வாங்கச் சொல்கிறார்கள். ஒரு கடையில் நாற்பதாயிரம், இன்னொரு கடையில் எண்பதாயிரம். துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தால் நமக்கு ரகம் தெரியும். இதில் எதைப் பார்ப்பது?"

நியாயமான கேள்வி. எண்பதாயிரம் ரூபாய் லாபம் கையில் நிற்க எத்தனை மூட்டை சரக்கு விற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே இந்த இதழில் பிராஸஸரைப் பற்றியே பாடம் படிப்போம்.

பிராஸஸர் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளைதான் பிராஸஸர். 'கோர்' என்பது எத்தனை கணக்குப்பிள்ளைகள் என்ற எண்ணிக்கை. 'கிகாஹெர்ட்ஸ்' என்பது அவர் கை ஓடும் வேகம். 'ராம்' என்னும் மெமரி அவர் முன்னால் உள்ள மேஜை. 'எஸ்எஸ்டி' அல்லது ஹார்ட் டிஸ்க் என்பது பின்கட்டில் உள்ள குடோன். கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மேஜை சிறிதாகவும் குடோனிலிருந்து பேரேடு வர நேரமாகவும் இருந்தால் வேலை நடக்காது. நம் கடைகளில் கம்ப்யூட்டர் திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பிராஸஸர் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி மெமரியுமே. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்வோம்.

1971இல் இன்டெல் வெளியிட்ட முதல் மைக்ரோபிராஸஸரான 4004இல் சுமார் 2,300 டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. இன்று ஒரு சாதாரண லேப்டாப் பிராஸஸரில் பல நூறு கோடி இருக்கின்றன. மஞ்சள் தூளுக்கும் மிளகுக்கும் பில் போட்டு ஜி.எஸ்.டி. கணக்கிடும் வேலைக்கு இவ்வளவு பலம் தேவையே இல்லை.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்?

காரணம் வேகம் அல்ல, பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கு மைக்ரோஸாப்ட் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுத்தார்கள். அடுத்ததான விண்டோஸ் 11, எல்லாப் பிராஸஸரிலும் அதிகாரபூர்வமாக ஏறாது. இன்டெல் என்றால் 2017 ஆகஸ்டில் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் பொதுவாக 2018இல் வந்த ரைஸன் 2000 வரிசை முதல் வேண்டும். 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும்.

நம்மில் சிலர், 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த லேப்டாப்பைக் கல்லாவில் வைத்து பில் போட்டு வருகிறோம். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. திருத்தம் நின்ற கம்ப்யூட்டர் பூட்டுப் பழுதான கடை போன்றது. உடனே திருடன் வருவான் என்பதில்லை, ஆனால் வந்தால் தடுக்க ஏதுமில்லை. அதில் நம் கடன் பாக்கி, கொள்முதல் கணக்கு, வங்கி விவரம் எல்லாம் இருக்கின்றன. பூட்டுப் போட்டு ரூபாய் கேட்கும் வைரஸ் ஒன்று புகுந்தால் தீபாவளிச் சீட்டுக் கணக்கும் போய்விடும்.

நம் கம்ப்யூட்டரில் என்ன பிராஸஸர் உள்ளது என்பதை 'செட்டிங்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதில் 'அபவுட்' என்று போனால் பார்க்கலாம். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தையது என்றால் புதியது வாங்க அவசரமில்லை. எஸ்எஸ்டி மாற்றி, மெமரியை 8 ஜிபி ஆக்கினால் இன்னும் பல ஆண்டு ஓடும்.

பெயரில் உள்ள சூட்சுமம்

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். 'ஐ5' என்று மட்டும் சொன்னால் நம்ப வேண்டாம். முழு எண்ணைக் கேளுங்கள். 'ஐ5-1235யூ' என்பதில் 12 என்பது தலைமுறை. கடைசியில் உள்ள 'யூ' குறைந்த மின்சாரத்தில் ஓடுவது. 'எச்' அதிக பலம், அதிக சூடு. பத்தாண்டுக்கு முந்தைய ஐ5ஐ விட இன்றைய ஐ3 நன்றாகவே ஓடும்.

மேஜைக் கம்ப்யூட்டர் பிராஸஸரில் 'எப்' என்ற எழுத்து முக்கியம். 'ஐ3-12100' என்பதில் திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. 'ஐ3-12100எப்' என்பதில் அது இல்லை. விலை குறைவு என்று பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வந்து பூட்டினால் திரை இருட்டாகவே இருக்கும். தனியாக டிஸ்ப்ளே கார்டு வாங்க வேண்டும். மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

ஏஎம்டியிலும் இப்படி உண்டு. 'ரைஸன் 5 7520யூ', 'ரைஸன் 5 7530யூ' இரண்டும் ஏறத்தாழ ஒன்று போலத் தோன்றும். முதல் எண்ணான 7, அது 2023ஆம் ஆண்டு வரிசை என்பதைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் சரக்கைச் சொல்வது மூன்றாவது எண். 7520இல் 2 என்றால் 2019இல் வந்த 'ஜென் 2' வடிவம், 4 கோர். 7530இல் 3 என்றால் அதற்கு அடுத்த வடிவம், 6 கோர். பழைய பருப்பைப் புதிய சாக்கில் கட்டியது போலத்தான். பில் போட இரண்டும் போதும்; ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

இன்டெல் 2023 இறுதியில் 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு 'கோர் அல்ட்ரா', 'கோர்' என்று பெயர் மாற்றியது. 2024 ஜனவரியில் வந்த 'கோர் 5 120யூ' பெயரில்தான் புதிது; வடிவம் முந்தையதே.

புதிய தலைமுறையில் என்ன புதுமை?

ஒன்று, 'என்பியூ' என்னும் செயற்கை நுண்ணறிவுப் பகுதி. 2024இல் மைக்ரோஸாப்ட் அறிவித்த 'கோபைலட் பிளஸ்' கம்ப்யூட்டர்களுக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் என்பியூ வேண்டும். கேட்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் நம் பில் மென்பொருளுக்கு இதனால் இன்று பயன் இல்லை. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இரண்டு, மெமரி சேர்ந்தே வருவது. 2024 செப்டம்பரில் வந்த, 'வி' என்று முடியும் கோர் அல்ட்ரா 200 வரிசையில் மெமரி பிராஸஸரோடு பதிக்கப்பட்டது. பின்னால் கூட்ட முடியாது. மற்ற மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றிலும் மெமரியைப் பலகையில் பற்றவைத்து விடுகிறார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று, 2024 ஜூன் முதல் வரும் 'ஸ்னாப்டிராகன் எக்ஸ்' லேப்டாப்புகள். பாட்டரி நன்றாக நிற்கும். ஆனால் இது 'ஆர்ம்' என்னும் வேறு வகை. பழைய பிரிண்டர், எடை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றின் டிரைவர்கள் இதற்கென்று தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை செய்யாது. கடைக் கல்லாவுக்கு இதை வாங்கும் முன் எல்லாக் கருவிகளையும் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

நான்கு, சிக்கனம். 2023இல் வந்த இன்டெல் என்100 பிராஸஸர் 6 வாட் அளவிலானது. நான்கு சிறிய கோர்கள். ஒற்றைக் கல்லா வைத்துள்ள கடைக்கு இதுவே போதும். மின்தடை நேரத்தில் யூபிஎஸ் வெகு நேரம் தாங்கும்.

தராசும் தவறலாம்

பிராஸஸர் கணக்கில் பிழை விடாது என்று நினைக்கிறோம். 1994இல் அதுவும் நடந்தது. அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி தம் கணக்கில் முரண்பாடு கண்டு தேடியபோது, பென்டியம் பிராஸஸர் சில வகுத்தல்களில் தவறுவது தெரிந்தது. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அது 1.33374 என்று காட்டியது. முதலில் தயங்கிய இன்டெல், டிசம்பரில் கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அண்மையில், 2024இல், 13, 14ஆம் தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் பிராஸஸர்கள் சில அதிக மின்அழுத்தத்தால் பழுதாவது தெரிந்து, உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டு நீட்டித்தார்கள்.

பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இத்தகைய உரிமையைத் தயங்காமல் கேட்டு வாங்க முடியும். நாம் மட்டும் வாடிக்கையாளருக்குப் பில் கொடுத்துவிட்டு, நமக்கு வாங்கும்போது துண்டுச் சீட்டில் வாங்கலாமா?

நம் சென்னையிலும் ஒரு முயற்சி

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்ற பிராஸஸரை உருவாக்கியுள்ளனர். 2018இல் அதன் சில்லு ஒன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு ஆலையிலேயே தயாரானது. இப்போதைக்கு இது கருவிகளுக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது; நம் கல்லாவுக்கு வர நாளாகும். ஆனாலும் நம் பிள்ளைகள் படிக்கத் தகுந்த துறை இது என்பதற்காகச் சொல்கிறோம்.

வாங்கப் போகும்போது

1. பிராஸஸரின் முழு எண்ணை எழுதி வாங்கி, தலைமுறையைச் சரிபார்க்கவும்.

2. ஒற்றைக் கல்லாவுக்கு 8 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். மூன்று நான்கு கல்லாக்களை இணைக்கும் மொத்த வியாபாரிகள், பொதுக் கணக்கு உள்ள கம்ப்யூட்டருக்கு 16 ஜிபி போடலாம்.

3. 2025 இறுதியிலிருந்து மெமரி விலை உலகெங்கும் ஏறியது; செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் மொத்தமாக வாங்கியதே காரணம். ஆரணியிலும் வேலூரிலும் ரிச்சி தெருவிலும் விலை கேட்ட பிறகே முடிவு செய்யவும்.

4. ஜி.எஸ்.டி. எண் போட்டே பில் வாங்கவும். ரூ.40,000 பொருளுக்கு 18 சதவீத வரி ரூ.7,200. வழக்கமான முறையில் வரி கட்டுவோர் கடை உபயோகத்திற்கு வாங்கினால் இதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

5. பிராஸஸரில் மிச்சமாகும் பணத்தில் நல்ல யூபிஎஸ் ஒன்றும், வாரம் ஒரு முறை கணக்கைப் பிரதி எடுக்கத் தனி டிஸ்க் ஒன்றும் வாங்கவும்.

கேள்வி கேட்ட உறுப்பினரின் கம்ப்யூட்டரைச் சங்கத்தில் போட்டுப் பார்த்தோம். பத்தாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 ஏறும். பழைய ஹார்ட் டிஸ்க்தான் திணறியது. எஸ்எஸ்டியும் மெமரியும் மாற்றிக்கொண்டு, எண்பதாயிரத்தைச் சரக்கில் போட்டார். சரக்கில் போட்ட முதல் ஆண்டுக்குப் பல முறை திரும்பி வரும். தேவையில்லாத பிராஸஸரில் போட்டது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். உறுப்பினர்கள் வாங்கும் முன் பிராஸஸர் எண்ணோடு சங்கத்தை அணுகினால், சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.