கர்ப்பிணிக்கு விழும் அடி



டிப்ளமோ படிக்கிறவளுக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று சிரிக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். அப்பா, அம்மா இருவருக்கும் மில் வேலை. சிங்காநல்லூர் பக்கம் லைன் வீடு. அடுத்த வீட்டில் தாளித்தால் எங்களுக்கு மணக்கும்.

போன வருஷம் அந்த வீட்டு அக்காவுக்கு ஏழாம் மாதம். பொறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டு வந்து, வகைவகையாக ஊட்டிவிட்டு, ஒன்பதாம் மாதம் கூட்டிப் போகிறோம் என்று சொல்லிப் போனார்கள். அன்று ராத்திரியே சீர் குறைச்சல் என்று அடி! எங்கம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார். "அவுங்க வூட்டு விவகாரம், நமக்கெதுக்கு கண்ணு?" மறுவாரம் நர்ஸம்மா கேட்டதற்கு, "வாசப்படியில வழுக்கிட்டேனுங்க" என்றார் அக்கா. மாமியார் பக்கத்திலேயே நின்றால் வேறென்ன சொல்வார்? கர்ப்பிணியிடம் இதைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2013-ல் சொல்லியிருக்கிறது.

வயிற்றில் அடிபட்டால் நஞ்சு கருப்பைச் சுவரிலிருந்து பிய்ந்து போகலாம். குழந்தைக்கு ஆக்சிஜன் போவது அதன் வழியாகத்தான். ரத்தம் உள்ளேயே தேங்கி, வெளியே ஒரு சொட்டுக்கூட தெரியாமலும் இருக்கலாம். ஆகவே 'ஒண்ணும் ஆகலே' என்று படுத்துவிடாமல் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். அக்கா போகவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்தது அதன் நல்ல நேரம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். கர்ப்பமாக இருக்கும்போதே அடிபட்டவர்கள் இந்திய அளவில் 100-க்கு 3 பேர். வாய் திறந்து சொன்னவர்கள் கணக்குதான் இது!

சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. 2005-ல் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடித்தாலும், சீர் கேட்டுத் துன்புறுத்தினாலும் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை. வீடு கணவன் பேரிலோ மாமியார் பேரிலோ இருந்தாலும், குடியிருக்கும் வீட்டை விட்டு அவளைச் சட்டப்படி அல்லாமல் துரத்த முடியாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி உண்டு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது 4-வது பிரிவு. அடிபட்டவள்தான் வர வேண்டும் என்பதில்லை. விஷயம் தெரிந்த யாரும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு எதுவும் வராது. 181-க்குப் போன் செய்தாலும் போதும், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம மேல கேசு வராதுன்னு நெசமாத்தான் போட்டிருக்குதா?" என்று ரெண்டு தடவை கேட்டார்.