காட்டுவதும் சொல்வதுதான்!



1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம், அடுத்த சில ஆண்டுகளில் நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்த நாளில் குழுவின் கணக்கு முழுவதும் நோட்டில். நோட்டு பெட்டிக்குள். பெட்டிக்குப் பூட்டு. யாருக்கு எவ்வளவு கடன், யாருக்குத் தவணை நிலுவை என்ற பேச்சு குழுவை விட்டு வெளியே போகாது.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு பல கூட்டங்கள் செல்போனுக்குள் வந்துவிட்டன. ஜூம், கூகுள் மீட் பழகினோம். 2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலும் திரையைக் காட்டும் வசதி வந்தது. இப்போது நம் கையில் இருக்கும் போன்தான் அந்தப் பெட்டி. அதை எப்படிப் பூட்டுவது? அதுதான் இந்த மாதப் பாடம்.

ஸ்கிரீன் ஷேர் என்றால் என்ன?

வீடியோ கூட்டத்தில் 'ஸ்கிரீன் ஷேர்' பட்டனை அழுத்தி முழுத் திரையையும் காட்டினால், நம் போனில் தெரிவதெல்லாம் மற்றவர் போனிலும் தெரியும். நாம் காட்ட நினைத்தது வரவு செலவுக் கணக்கு ஒன்றுதான். ஆனால் அந்த நேரத்தில் மேலே வந்து விழும் வங்கி மெசேஜ், ஓடிபி எண், வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி, டாக்டர் சீட்டுப் போட்டோ எல்லாமே தெரியும். பார்ப்பவர் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் நமக்குத் தெரியவே தெரியாது.

இது ஒருவர் விஷயம் மட்டும் அல்ல. ஊக்குநர் போனில் குழுவில் உள்ள அத்தனை பேருடைய ஆதார் நகலும் பாஸ்புக் போட்டோவும் இருக்கும். ஒரு உறுப்பினர் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மூன்று மாதம் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் ஊராட்சி அளவிலான கூட்டத்தில் திரையில் வந்துவிட்டால், மறுநாள் தண்ணிக் குழாயடியில் அதுதான் பேச்சு. அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வருவாரா?

காட்டும் முன் ஐந்து வேலை

1. முதலில், காட்டத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். ஒரு பக்கம்தான் தேவை என்றால் அதை மட்டும் போட்டோ எடுத்து, தேவைப்பட்டவருக்கு அனுப்பினால் போதும்.

2. கூட்டத்துக்குத் தேவை இல்லாத மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். பேங்க் ஆப், ஜிபே, போட்டோ எல்லாம் மூடியிருக்கட்டும்.

3. போனில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற அமைப்பைப் போடுங்கள். சில போன்களில் சத்தம் மட்டும் நிற்கும், மெசேஜ் மேலே தெரியும். அதனால் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

4. புதிய போன்கள் சிலவற்றில் 'ஒரு செயலி மட்டுமா, முழுத் திரையா' என்று கேட்கும். ஒரு செயலி மட்டும் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

5. வேலை முடிந்ததும் 'ஸ்டாப்' அழுத்துங்கள். நின்றதா என்று கூட்டத்தில் உள்ள ஒருவரைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆதார் காட்ட வேண்டி வந்தால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்தலாம். ஆதார் ஆணையமே அதைத் தருகிறது.

ஏமாற்றுக்காரர் எப்படி வருவார்?

"ஏனுங்க, பேங்க்ல இருந்து பேசறோம். உங்க கேஒய்சி முடியலைங்க. வீடியோ கால்ல வாங்க, ஸ்கிரீன் ஷேர் அமுக்குங்க, நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்பார். ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும். அதனால் அவர் அதைக் கேட்கவே மாட்டார். உங்கள் திரையில் வந்து விழுந்ததும் தானே படித்துக்கொள்வார். நீங்கள் வாய் திறக்கவில்லை, ஆனாலும் பணம் போய்விடும். ஆகவே காட்டுவதும் சொல்வதுதான்.

'எனிடெஸ்க்' போன்ற ஆப்பை ஏற்றச் சொல்லி, அதில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்டு, போனையே தூரத்திலிருந்து இயக்கும் மோசடியும் உண்டு. இது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. போனில் கூப்பிட்டுத் திரையைக் காட்டச் சொன்னால் உடனே துண்டியுங்கள். சந்தேகம் இருந்தால் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போங்கள்.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் போனின் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லி, புகார் எண் வாங்கி எழுதி வையுங்கள். நம் கவனக்குறைவால் போன பணமாக இருந்தாலும், வங்கிக்குப் புகார் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேரும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுவின் ஆதார் நகல்களும் கணக்குப் போட்டோக்களும் யார் யார் போனில் இருக்கின்றன? தேவை முடிந்தவற்றை அழித்தோமா?

• வீடியோ கூட்டத்தில் திரையைக் காட்டுவது யார் பொறுப்பு?

• நிலுவைப் பட்டியலைப் பெயர் இல்லாமல், உறுப்பினர் எண் மட்டும் போட்டுக் காட்ட முடியுமா?

பேசி முடித்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். செல்போன் இல்லாத உறுப்பினருக்கும் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். அவருடைய கணக்கும் நம் போனில்தானே இருக்கிறது!